காந்தத்துக்கும் திருநீறா?

மாப்பிள்ளையூரணியிலிருந்து உப்பளத் தொழிலாளத் தோழர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கும் சங்கதி இது. "விஞ்ஞான வாஸ்து" பார்ப்பதாகச் சொல்லி ஒருவர் அவர் வீட்டிற்கு வந்தாராம். வடதுருவத்துக் காந்தம் இரத்தத்திலுள்ள இரும்பை இழுப்பதால்தான் மனைவிக்குத் தலைச்சுற்றலும் மயக்கமும் வருகின்றன என்றாராம். தென்புறத்து வாசலை அடைத்து, கட்டிலைத் திருப்பிப் போட்டு, பூஜையில் வைத்த காந்தக் காப்பு ஒன்றைக் கையில் மாட்டினால் எல்லாம் தீரும் என்றாராம். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலையில்லாத மாதங்களுக்கென்று சேர்த்து வைத்த பணம் கொத்தனாருக்கும் காப்புக்கும் போயிற்று. போதாததற்குக் கந்து வட்டிக்குக் கடன். காற்று வந்த வாசல் அடைபட்டது, மயக்கம் அடைபடவில்லை. கடைசியில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்து, இரத்தச்சோகை என்று கண்டு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்களாம்.

தோழர்களே, இந்த வேடிக்கையைப் பாருங்கள்! அந்த அம்மையாரின் இரத்தத்தில் இரும்பு குறைந்துபோனதுதான் வியாதி. இல்லாத இரும்பைப் பிடித்துக் காந்தம் இழுத்ததாம். அதைத் தடுக்கக் காப்பு போட்டதாம்!

முன்பெல்லாம் இப்படிப்பட்ட ஆசாமிகள் சனி பார்க்கிறான், ராகு பிடித்திருக்கிறான் என்று சொல்லிப் பிழைத்தார்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் நாலெழுத்துப் படித்து, "சனி எங்கே, எனக்குக் காட்டு" என்று கேட்கத் தொடங்கியவுடன், கடை அதே கடையாக, பலகையை மட்டும் மாற்றிவிட்டார்கள். இப்போது காந்தம் என்கிறார்கள், எலெக்ட்ரான் என்கிறார்கள், பிளாஸ்மா என்கிறார்கள். சரக்கு பழைய சரக்குதான்.

சிதம்பரம் கோயில் உலகத்துக் காந்த நடுக்கோட்டின் மையப் புள்ளியில் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி ஓடிக்கொண்டிருக்கிறது. படித்தவர்களே அதைப் பரப்புகிறார்கள். நாம் கேட்கிறோம்: காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றிவருகிற ஒரு வளையம். வளையலின் மேல் ஓர் இடத்தைத் தொட்டு, இதுதான் வளையலின் மையம் என்றால் வளையல் விற்கிறவள் சிரிக்கமாட்டாளா? இரண்டாவது, அந்தக் கோடு இந்நாட்டில் இப்பொழுது போவது தென்கோடியில், நமது திருநெல்வேலிச் சீமைப் பக்கமாக. சிதம்பரம் அதற்கு வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. மூன்றாவது, பூமியின் காந்தம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தக் கோடும் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கல்லால் கட்டிய கோயில் அதன் பின்னாலேயே நடந்துபோகுமா?

நமது சொல்லை நம்பவேண்டாம், ஊசியைக் கேளுங்கள். ஓர் எஃகு ஊசியை நடுவில் நூலால் கட்டிச் சமமாகத் தொங்கவிடுங்கள். பிறகு அதைக் காந்தத்தில் தேய்த்து மறுபடியும் தொங்கவிடுங்கள். லண்டனில் அந்த ஊசி வடக்கு முனையைக் கீழே குத்திக்கொண்டு 66 டிகிரிக்கு மேல் சாய்ந்து நிற்கும். தூத்துக்குடியில் கிட்டத்தட்ட தரைக்குச் சமமாகப் படுத்துக்கிடக்கும். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதற்கு அதுவே சாட்சி. இந்தச் சோதனைக்கு நல்ல நேரம் பார்க்கவேண்டியதில்லை, தட்சணையும் இல்லை.

வடக்கே தலைவைத்தால் காந்தம் மூளையைக் கெடுக்கும் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். நமது பக்கத்தில் பூமியின் காந்தம் சுமார் 40,000 நானோடெஸ்லா. பெரிய ஆஸ்பத்திரிகளில் உடம்பைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் காந்தம் சாதாரணமாக 1.5 டெஸ்லா, அதாவது 37,000 மடங்குக்கு மேல். அதற்குள் தலையைக் கொடுத்துப் படுத்தவர்கள் அரைமணி நேரம் கழித்து எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறார்கள். காரணம், இரத்தத்தில் உள்ள இரும்பு ஆணியைப்போல் கிடக்கும் இரும்பன்று. காந்தத்தில் ஒட்டும் குணம் அதற்கு இல்லை. 37,000 மடங்கு காந்தம் செய்யாத கெடுதலை வடக்கே வைத்த தலையணை செய்துவிடுமா?

நிற்க. காந்தத்தில் அதிசயமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. உண்மையான அதிசயம் நம் தலைக்கு நேர்மேலே தினமும் நடக்கிறது. 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வெயில் பட்டுக் காற்றின் அணுக்கள் உடைந்து, எலெக்ட்ரான்கள் தனியாகவும் மீதிப் பாகமாகிய அயனிகள் தனியாகவும் திரிகின்றன. இதுதான் பிளாஸ்மா. எலெக்ட்ரான் மிக இலேசானது. ஆகவே காந்த விசைக்கோட்டைச் சுற்றிச் சுற்றி, செக்குமாடுபோல் அதை விட்டு விலகாமல் நிற்கும். கனத்த அயனியோ அந்த உயரத்தில் காற்றோடு மோதிமோதிக் கோட்டைத் தவறவிட்டுவிடும். நமது பக்கத்தில் விசைக்கோடுகள் படுத்துக்கிடப்பதால் எலெக்ட்ரான்கள் மேலும் கீழும் தப்ப வழியின்றி, பகல் நேரத்தில் மேற்கு நோக்கித் தள்ளப்படுகின்றன. அதனால் கிழக்கு நோக்கிப் பெரிய மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. உச்சிப்பொழுதை ஒட்டி அது இங்கே பூமியின் காந்தத்தைச் சுமார் 100 நானோடெஸ்லா வரை கூட்டிவிடும்.

இதை அளந்து பார்க்கத் திருநெல்வேலிக்கு அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. கிருஷ்ணாபுரம் கோயிலுக்குச் சிலை பார்க்கப் போகாதவர் நம்மில் யார்? அந்த ஆராய்ச்சிக்கூடம் எதற்கென்று கேட்டவர் எத்தனை பேர்? இதே மின்னோட்டத்தை ஆராய வசதியான இடம் என்றுதான் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள்; 1963-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி அங்கிருந்து இந்நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்காகக் குடியிருந்த இடத்தை விட்டுக்கொடுத்தவர்கள் நம்மைப்போன்ற மீன்பிடிக்கும் ஜனங்கள். அந்த அறிவில் அவர்களுக்கும் நமக்கும் பங்கில்லையா?

மேலே தானாக நடப்பதைக் கீழே மனிதன் செய்து பார்க்கிறான். காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தார் 1989-ல் ஆதித்யா என்னும் வளைய யந்திரத்தை ஓட்டினார்கள். அதற்குள் பிளாஸ்மாவைக் காந்த விசைக்கோடுகள் கட்டிப்பிடித்து, சுவரில் படாமல் வைத்திருக்கின்றன. பிரான்சில் இந்தியா உட்படப் பல தேசங்கள் சேர்ந்து கட்டிவரும் ஐ.டி.இ.ஆர். யந்திரத்தில் 15 கோடி டிகிரி சூடேற்ற உத்தேசம். அத்தனைச் சூட்டைத் தாங்கும் பானை உலகத்தில் இல்லை. ஆகவே காந்தமே பானை. அதில் சமைக்கப்போகும் சரக்குகளில் ஒன்று டியூட்டீரியம் என்னும் கனத்த ஹைட்ரஜன். நம் தோழர் உப்பளத்துக்கு இறைக்கிறாரே கடல்நீர், அதில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 33 கிராம் அது இருக்கிறது.

இத்தனையும் செய்த விஞ்ஞானி என்ன சொல்கிறான்? "இன்றுவரை எந்த இணைவு உலையிலிருந்தும் ஊருக்கு மின்சாரம் போகவில்லை, இன்னும் உழைக்கவேண்டும்" என்று வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறான். காப்பு விற்கிறவனோ நாளைக்கே பலிக்கும் என்கிறான். இருவரில் யோக்கியன் யார்?

பிளாஸ்மாவும் நம் முன்னோருக்குத் தெரியும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு சூட்டில் எவ்வளவு அணு உடையும் என்ற கணக்கை 1920-ல் உலகுக்குக் கொடுத்தவர் மேகநாத் சாஹா. டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சிறு கடைக்காரர் ஒருவரின் மகன். கல்கத்தாவில் படிக்கும்போது, கீழ்ச்சாதி என்று விடுதியில் மற்றவர்களோடு உட்கார்ந்து உண்ண விடவில்லை. பிற்காலத்தில் டாக்கா வக்கீல் ஒருவர் அவருடைய கண்டுபிடிப்பைக் கேட்டுவிட்டு, இதெல்லாம் வேதத்தில் இருக்கிறதே என்றாராம். எந்தப் பாகத்தில் என்று கேட்டால், வக்கீல் வேதத்தைப் படித்ததே இல்லையாம்! பந்தியில் இடங்கொடுக்காதவர்கள் கண்டுபிடிப்பில் மட்டும் பங்கு கேட்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, இனி எவனாவது காந்தம் என்று சொல்லிக்கொண்டு உங்கள் வாசற்படி ஏறினால், சண்டை போடாதீர்கள். ஒரு ஊசியும் நூலும் கொண்டுவந்து முன்னே வைத்து, "உன் காந்தத்தை இதில் காட்டு, எவ்வளவு என்று அளந்து சொல்" என்று கேளுங்கள். அவன் போய்விடுவான். மாப்பிள்ளையூரணித் தோழருக்கு நாம் சொல்வதும் அதுதான்: காப்பைக் கழற்றிப் போடுங்கள், மாத்திரையை விடாமல் கொடுங்கள், முதல் வேலையாகத் தென்வாசலை இடித்துத் திறவுங்கள். கடற்காற்று வரட்டும்!