போர் எழுத்தின் பாதம்

கராத்தே பெல்ட் வழங்கும் விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர் இந்தக் கதையைச் சொல்லாமல் மேடையைவிட்டு இறங்குவது அபூர்வம். ஜப்பானியப் போர்க்கலைகளைக் குறிக்கும் ‘புடோ’ என்பதன் முதல் எழுத்து ஜப்பானியத்தில் ‘பு’, சீனத்தில் ‘வூ’. போர், வீரம் என்று பொருள். அதைப் பிரித்தால் ஒரு பாதி ‘நிறுத்து’, மறு பாதி ‘ஈட்டி’. ஆகவே ஆயுதத்தை நிறுத்துவதே வீரமாம். பெற்றோர் கைதட்டுவார்கள். பிள்ளைகளுக்குக் குத்தும் உதையும் சொல்லித்தரும் மாஸ்டரான எனக்கு வசதியான கதைதான். ஆனாலும் என் வகுப்பில் இதை இப்படியே சொல்ல விடமாட்டேன்.

கதை பழையது. கி.மு. 597-இல், இன்றைய சீனாவின் ஹெனான் மாகாணத்தில் பீ என்ற இடத்தில், சூ நாட்டு மன்னர் சுவாங் ஜின் நாட்டுப் படையைத் தோற்கடித்தார். எதிரிகளின் பிணங்களைக் குவித்து வெற்றிமேடு எழுப்பலாம் என்றார் சூ படையைச் சேர்ந்த பான் டாங். மன்னர் மறுத்தார். அப்போதுதான் இந்த எழுத்தைப் பிரித்துக் காட்டினார் என்கிறது ‘சுவோ சுவான்’ என்ற வரலாற்று நூல். கி.பி. 100 வாக்கில் சு ஷென் தொகுத்த ‘ஷுவோவென்’ அகராதியும் அதையே எடுத்துக்கொண்டது. அப்புறம் யார் மறுப்பது?

மறுப்பு மண்ணுக்கடியில் கிடந்தது. பழைய சீனாவின் ஷாங் வம்ச மன்னர்கள் ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் குறி கேட்டுப் பொறித்த எழுத்துகளை அறிஞர்கள் அடையாளம் கண்டது 1899-இல். சுமார் 3,200 ஆண்டுப் பழமையானவை. சு ஷென் கண்ணில் பட்டதேயில்லை. ‘நிறுத்து’ என்று நாம் படிக்கும் பாதி அங்கே விரல்களோடு வரைந்த ஒரு பாதம். ஒரு பாதத்தின்மேல் இன்னொன்றை வைத்தால் ‘நட’. பாதக் குறி பிற்காலத்தில் ‘நில்’ என்ற பொருளுக்குப் போய்விட, கால்விரலை எழுதப் பக்கத்தில் இன்னொரு கால் குறியைச் சேர்க்க வேண்டிவந்தது. மறு பாதியும் சரியாகச் சொன்னால் ஈட்டி அல்ல. நீண்ட கம்பின் தலையில் குறுக்காகக் கட்டிய வெண்கல அலகு. கொத்தி இழுக்கும் ஆயுதம். இரண்டும் சேர்ந்தால், ஆயுதத்தோடு கிளம்பிவிட்டான் என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் படிக்கிறார்கள். ஷாங் வம்சத்தை வீழ்த்திய சோவ் மன்னரின் பெயரும், கி.மு. 141 முதல் 87 வரை ஆண்டு படையால் எல்லையை விரித்த ஹான் பேரரசரின் பெயரும் இதே ‘வூ’. ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களா அவர்கள்?

அதற்காக சுவாங் மன்னரை நான் குறைத்துப் பேசவில்லை. செத்த ஜின் வீரர்கள் தம் மன்னன் ஆணைக்கு உயிரைக் கொடுத்தவர்கள், அவர்கள் உடலை எப்படிக் குவிப்பது என்று கேட்டார். வீரத்துக்கு ஏழு குணங்களை அடுக்கி, ஒன்றுகூடத் தம்மிடம் இல்லை என்றார். ஜெயித்த களத்தில் நின்றுகொண்டு எந்த மன்னன் இப்படிப் பேசுவான்!

விருந்தினர்கள் விழுங்கிவிடும் மிச்சக் கதையும் உண்டு. கி.மு. 595-இல் இதே மன்னர் சோங் நாட்டுத் தலைநகரை முற்றுகையிட்டார். அடுத்த ஆண்டு கோடைவரை அது நீண்டது. உள்ளே இருந்தவர்கள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு தின்றார்கள், எலும்பை விறகாக எரித்தார்கள் என்று எழுதுவதும் அதே ‘சுவோ சுவான்’தான். வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்கிறேன். “மாஸ்டர், பசங்ககிட்ட போய் இதெல்லாம் எதுக்கு?” என்று ஓர் அம்மா சண்டைக்கு வந்தார். தொண்டையில் எங்கே குத்த வேண்டும் என்று அவர் மகனுக்குக் காட்டிக்கொடுத்த அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை.