விசுவாசத்தின் பெயரால் ஒரு மௌனம்

2011 நவம்பர் 9 அன்று இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஸ்டேட் காலேஜ் என்ற நகரத்தின் வீதிகளில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் திரண்டனர். விளக்குக் கம்பங்கள் சாய்க்கப்பட்டன. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் வாகனம் கவிழ்க்கப்பட்டது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான், அங்குள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி, சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டிருந்தார். ஆனால் மாணவர்களின் ஆத்திரம் அவர் மீது பாயவில்லை. அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவைப் பல்கலைக்கழக அறங்காவலர் குழு பணிநீக்கம் செய்ததை எதிர்த்தே அவர்கள் வீதிக்கு வந்தனர்.

படித்த இளைஞர்கள், குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை அம்பலமான வாரத்தில், ஒரு பயிற்சியாளரின் பதவிக்காகக் கொந்தளித்தது ஏன்? அவர்களை அறிவற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அப்படி ஒதுக்கினால் இந்த நிகழ்விலிருந்து கற்க வேண்டியதைக் கற்க முடியாது.

உண்மையான அன்பு

அமெரிக்கக் கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி மோதிச் செல்லும் ஆட்டம். அங்கு கல்லூரி அணிகளின் ஆட்டங்களுக்கு உள்ள மவுசு, தொழில்முறை அணிகளுக்கு உள்ளதற்குக் குறைந்ததல்ல. 2010இல் ஸ்டேட் காலேஜ் நகரின் மக்கள்தொகை சுமார் 42 ஆயிரம். அங்குள்ள பீவர் விளையாட்டரங்கிலோ ஒரு லட்சத்து 6 ஆயிரம் பேர் அமரலாம்.

பட்டர்னோ அந்த அணிக்கு 46 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். வெற்றி பெற்ற ஆட்டங்கள் 409. வீரர்கள் படிப்பிலும் தேற வேண்டும் என்று வற்புறுத்தியவர். பல்கலைக்கழகத்துக்குப் பல லட்சம் டாலர் நன்கொடை அளித்தவர். அங்குள்ள நூலகம் ஒன்று அவரது குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெற்றியும் நேர்மையும் ஒருசேர இருக்க முடியும் என்பதற்கு அவரே சான்று என்று இரண்டு தலைமுறைகள் நம்பின. அந்த நம்பிக்கை போலியானதல்ல. அதனால்தான் அது அத்தனை வலுவான கேடயமாகவும் ஆயிற்று.

யார் பேசினார்கள், யார் பேசவில்லை

சாண்டஸ்கி 1977இல் ஆதரவற்ற, வறிய குடும்பத்துச் சிறுவர்களுக்காக ‘செகண்ட் மைல்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் குறிவைத்த சிறுவர்கள் அந்த அமைப்பின் வழியாகவே வந்தார்கள். தந்தை இல்லாத வீடுகள், பணமில்லாத வீடுகள். நாடே கொண்டாடும் அணியின் பயிற்சியாளர் தம் பிள்ளை மீது அக்கறை காட்டுகிறார் என்று அந்தத் தாய்மார்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

1998இல் ஒரு தாய் புகார் செய்தார். பல்கலைக்கழகக் காவல்துறை விசாரித்தது, வழக்குத் தொடரப்படவில்லை. 1999இல் ஓய்வு பெற்ற சாண்டஸ்கிக்குக் கௌரவப் பட்டமும் விளையாட்டுக் கட்டடங்களுக்குள் நுழையும் உரிமையும் அளிக்கப்பட்டன. 2000இல் குளியலறையில் நடந்த கொடுமையை ஒரு தூய்மைப் பணியாளர் நேரில் கண்டு பதறிப்போய்ச் சக தொழிலாளர்களிடம் சொன்னார். வேலை போய்விடும் என்ற அச்சத்தில் யாரும் வெளியே சொல்லவில்லை. 2001இல் ஓர் இளம் உதவிப் பயிற்சியாளர் மற்றொரு நிகழ்வைக் கண்டு பட்டர்னோவிடம் தெரிவித்தார். பட்டர்னோ விளையாட்டுத் துறை இயக்குநரிடம் தெரிவித்தார். விஷயம் பல்கலைக்கழகத் தலைவர் வரை சென்றது. இனிமேல் சிறுவர்களை இங்கு அழைத்து வராதீர்கள் என்று சாண்டஸ்கியிடம் சொல்வதோடு காரியம் முடிந்தது. காவல்துறைக்கோ குழந்தைகள் நலத்துறைக்கோ எவரும் தெரிவிக்கவில்லை.

மௌனம் சாதித்த அனைவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. தூய்மைப் பணியாளரின் மௌனம், வேலையை இழந்தால் அடுத்த மாதச் சோற்றுக்கு வழியில்லாதவரின் மௌனம். பல்கலைக்கழகத் தலைவரின் மௌனத்துக்கு அத்தகைய நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. அவர் காத்தது நிறுவனத்தின் பெயரை. கீழே இருப்பவருக்கு அச்சமாகவும் மேலே இருப்பவருக்கு வசதியாகவும் அதே மௌனம் பயன்பட்டது. இரண்டுக்கும் நடுவில் அந்தச் சிறுவர்கள் இருந்தார்கள்.

2008இல் ஒரு பள்ளி மாணவனும் அவனது தாயும் மீண்டும் புகார் செய்த பிறகே வழக்கு நகர்ந்தது. கைதுக்கு மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. பட்டர்னோ நீக்கப்பட்டதும் அந்த மாணவன் பள்ளியில் இழைக்கப்பட்ட தொல்லைகளைத் தாங்க முடியாமல் பள்ளியை விட்டே வெளியேற நேர்ந்தது. நேரில் கண்டதைச் சாட்சியமாகச் சொன்ன உதவிப் பயிற்சியாளர் வேலை இழந்தார். 2016இல்தான் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கியது.

மறுப்பின் வாதங்கள்

2012 ஜூன் மாதம் 48 குற்றச்சாட்டுகளில் 45இல் சாண்டஸ்கி குற்றவாளி என நடுவர் குழு தீர்ப்பளித்தது. 30 முதல் 60 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை. அதன் பிறகும் ரசிகர்களில் ஒரு பகுதியினர் பட்டர்னோவுக்காக வாதாடி வருகின்றனர். அவர் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். சட்டப்படி அவர் கடமை அதோடு முடிந்தது. அவர் மீது வழக்கே இல்லை. ஊடகங்களும் அறங்காவலர்களும் சேர்ந்து முதியவர் ஒருவரைப் பலியாக்கினர் என்பன அவர்களது வாதங்கள்.

இவற்றில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. பட்டர்னோ மீது வழக்குத் தொடரப்படவில்லை. 2012 ஜனவரியில் அவர் இறந்தும் விட்டார். பல்கலைக்கழகம் நியமித்த விசாரணைக் குழுவின் முடிவுகளை அவரது குடும்பம் இன்றும் ஏற்கவில்லை. நிர்வாகங்கள் ஒருவரைக் காட்டிவிட்டுத் தாம் தப்பிக்கப் பார்ப்பதும் உலகெங்கும் நடப்பதே. ஆனால் இன்னும் கூடுதலாகச் செய்திருக்க வேண்டும் என்று இறப்பதற்கு முன் வருந்தியவர் பட்டர்னோவே. அவர் ஒப்புக்கொண்டதை ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். மேலதிகாரிகளாக இருந்த இருவர் 2017இல் குழந்தைகளை ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றத்தை ஒப்புக்கொண்டனர். முன்னாள் பல்கலைக்கழகத் தலைவரும் அதே வகைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்.

‘மேலதிகாரியிடம் சொன்னால் போதும்’ என்ற ஓட்டையைப் பென்சில்வேனியா மாநிலம் 2014இல் சட்டத் திருத்தம் மூலம் அடைத்தது. புகாரளிக்கக் கடமைப்பட்டவர்கள் இப்போது நேரடியாகவே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

தண்டனையும் விளையாட்டின் மொழியிலேயே வந்தது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசிய சங்கம் 6 கோடி டாலர் அபராதம் விதித்ததோடு, 1998க்குப் பிந்தைய 111 வெற்றிகளைப் பட்டர்னோவின் கணக்கிலிருந்து நீக்கியது. உடனே விவாதம் முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே சுழன்றது. ரசிகர்கள் ‘409’ என்று எழுதிய ஒட்டிகளுடன் திரிந்தனர். 2015 ஜனவரியில் வெற்றிகள் திருப்பித் தரப்பட்டபோது நீதி கிடைத்துவிட்டதாகக் கொண்டாடினர். 2016இல் பல்கலைக்கழகமே விளையாட்டரங்கில் பட்டர்னோவின் முதல் ஆட்டத்தின் பொன்விழாவைக் கொண்டாடியது. ஆனால் அந்த முதல் வழக்கில் எத்தனை சிறுவர்கள் இடம்பெற்றனர் என்று கேட்டால், 409ஐ மனப்பாடமாகச் சொல்பவர்களில் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? பத்துப் பேர். பின்னர் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பல்கலைக்கழகம் 10 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பீடு வழங்க நேர்ந்தது.

மாணவர்கள் அனைவரும் ஒரே பக்கம் நின்றுவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வன்முறை நடந்த இரண்டாம் நாளே ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏந்தினர். முன்னாள் மாணவர்கள் நிதி திரட்டினர். தங்கள் பல்கலைக்கழகத்தின் மீது அவர்களுக்கிருந்த அன்பு யாருக்கும் குறைந்ததல்ல.

விசுவாசத்தின் பொருளாதாரம்

அந்தக் காலத்தில் பென் ஸ்டேட் கால்பந்தின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 7 கோடி டாலர். களத்தில் எலும்பு முறிய ஆடிய மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகையைத் தவிர ஊதியம் கிடையாது. ஒளிபரப்பு உரிமை, நுழைவுச்சீட்டு, அணியின் சின்னம் பொறித்த சட்டை, விடுதி, உணவகம் என ஒரு நகரத்தின் பொருளாதாரமே அந்த அணியின் நற்பெயர் மீது நின்றது. நற்பெயர் மூலதனமாகிவிட்ட இடத்தில் உண்மை நட்டக் கணக்கில்தான் எழுதப்படும். அந்த மூலதனத்துக்குக் கூலி இல்லாமல் காவல் காத்தவர்கள் ரசிகர்கள். ஈட்டியதில் அவர்களுக்குப் பங்கில்லை; அவமானத்தில் மட்டும் பங்கு உண்டென்று உணர்ந்தார்கள். ஆகவே அவமானமே நிகழவில்லை என்று நம்ப விரும்பினார்கள்.

இது ஒரு பல்கலைக்கழகத்தின் தனிக் கதையும் அல்ல. ஜிம்னாஸ்டிக் மருத்துவர் லாரி நாசர் வழக்கில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2018இல் 50 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. அங்கும் பெண்கள் பல ஆண்டுகள் புகார் சொல்லியிருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

நமக்கான கேள்வி

பாதிக்கப்பட்டவரை விட நிறுவனத்தின் மானமே பெரிதெனும் இந்த வாதம் இந்தியாவுக்குப் புதிதல்ல. 2023இல் மல்யுத்த வீராங்கனைகள், கூட்டமைப்பின் அன்றைய தலைவரும் பாஜக நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறி, தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துவருகிறார். ஆனால் தேசத்துக்குப் பதக்கம் வாங்கித் தந்த அந்தப் பெண்களையே தேசத்தின் பெயரைக் கெடுப்பவர்கள் என்று தூற்றியது ஒரு கூட்டம். புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட மே 28 அன்று அவர்கள் வீதியில் இழுத்துச் செல்லப்பட்டனர். விவசாயிகளும் தொழிற்சங்கங்களும் மாதர் அமைப்புகளும் அவர்களுக்குத் துணை நின்றது பெருமைக்குரியது.

மற்றவர்களின் விசுவாசத்தை விமர்சிப்பது எளிது. கொடியையும் தலைவர்களையும் தியாக வரலாற்றையும் நேசிக்கும் இடதுசாரி இயக்கங்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. கிளையிலோ சங்கத்திலோ ஒரு பெண் தோழர் புகாருடன் வரும்போது முதலில் எழும் எண்ணம் எது? அவருக்கு என்ன நேர்ந்தது என்பதா, எதிரிகளுக்குத் தெரிந்தால் என்னாவது என்பதா? இரண்டாவது எண்ணமே முந்திக்கொண்டால், பென் ஸ்டேட் நிர்வாகம் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில்தான் நாமும் அமர்கிறோம்.

சட்டம் தெளிவாக உள்ளது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மாவட்டச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன் என்பது அதற்கு ஈடாகாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடங்களில் புகார்க் குழு வேண்டும் என்று போராடுவோர், தம் அலுவலகங்களில் அந்தக் குழு இயங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புகார் செய்தவர் அடுத்த மாநாட்டில் ஓரங்கட்டப்படாமல் இருப்பதும் அமைப்பின் பொறுப்பே.

பென் ஸ்டேட் வளாகத்தில் நின்ற பட்டர்னோவின் வெண்கலச் சிலை 2012 ஜூலையில் அகற்றப்பட்டது. சிலையை அகற்ற ஒரு காலைப்பொழுது போதும். 2000இல் அந்தத் தூய்மைப் பணியாளர் அச்சமின்றிப் பேசக்கூடிய பணியிடம் ஒன்று இருந்திருந்தால், பல சிறுவர்கள் காப்பாற்றப்பட்டிருப்பார்கள். ஓர் அமைப்பின் வலிமையை அதன் மிகக் கடைசி உறுப்பினர் எவ்வளவு துணிவாகப் பேச முடிகிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். அந்தத் துணிவை உருவாக்குவதே இயக்கத்தின் மீது அன்பு கொண்டோரின் வேலை.