சோற்றை விட்டும் எடை குறையவில்லையே!

“டாக்டரம்மா, மூணு மாசமா ராத்திரி சாதத்தைத் தொடறதே இல்லை. நாலு சப்பாத்தி, கொஞ்சம் குருமா, அவ்வளவுதான். வெள்ளி, சனி ரெண்டு நாளும் வெறும் மோர். அப்படியும் எடை 78 கிலோவிலேயே நிக்குது. போதாக்குறைக்கு அந்த ரெண்டு நாளும் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, கை காலெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. மாதவிலக்கு நிற்கிற வயசு, அதனால இருக்குமோ?”

48 வயதுச் சகோதரி ஒருவரின் கடிதம் இது. எடைக் கதை இருக்கட்டும். சர்க்கரை நோய்க்குக் காலையும் இரவும் மாத்திரை சாப்பிடுவதாக நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதுதான்!

சர்க்கரை மாத்திரைகளில் சில, நாம் சாப்பிட்டோமா பட்டினியா என்று பார்ப்பதில்லை. இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வெறும் மோரோடு படுத்தால் விடியற்காலையில் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வையும் நடுக்கமும் அதற்கு அடையாளம். வயசின் மேல் பழி போட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள் அம்மா! அந்த நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். குறைந்திருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். அன்றைக்கே உங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். இதை அவருக்குத் தனியாகவும் தபாலில் எழுதிவிட்டேன்.

இனி எடைக்கு வருவோம். ஒரு கப் சாதம் சுமார் 200 கலோரி. எண்ணெய் தடவாத சப்பாத்தி ஒன்று சுமார் 100. கல்லில் போட்டு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் இன்னும் 40. நாலு சப்பாத்தி 560 ஆச்சு! தேங்காய் அரைத்து விட்ட குருமாவைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரண்டு கப் சாதம் சாப்பிட்டிருந்தால் 400-தான். பாவம், சோற்றைத் தியாகம் செய்து என்ன பலன்?

“அப்போ சிறுதானியம்?” என்பீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கிராமுக்குக் கிராம் அரிசிக்கும் கம்புக்கும் தினைக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்து அதிகம், சீக்கிரம் வயிறு நிறையும், அவ்வளவுதான். உடம்புக்கு நல்லது என்று ஒரு கிண்ணம் கூடப் போட்டுக்கொண்டால் ஊசி இறங்காது. கைக்குத்தல் அரிசி, முழுப் பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, இதெல்லாம் நல்ல மாவுச்சத்து. மைதா பிஸ்கட், ரஸ்க், ஜவ்வரிசி ஆகியவற்றை ஒதுக்குங்கள். விரத நாளில் சோற்றுக்குப் பதில் ஜவ்வரிசி உப்புமாவும் நாலு வடையும் சாப்பிடும் மாமிகளை எனக்குத் தெரியும். அந்த விரதத்துக்குப் புண்ணியம் கிடைக்கலாம், எடை குறையாது!

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், தானியத்திலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். நம் வீட்டுத் தட்டைப் பாருங்கள். சோறு மலை மாதிரி, பொரியல் ஊறுகாய் மாதிரி! பாதித் தட்டுக்குக் காய், கீரை. கால் தட்டுக்குப் பருப்போ சுண்டலோ மீனோ. மிச்ச இடத்தில் சோறு. முதலில் பொரியலைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வைத்தால் சர்க்கரையும் சட்டென்று ஏறாது.

எண்ணெய் விஷயத்தில்தான் நாம் ரொம்ப ஏமாறுகிறோம். டின்னில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தைரியமாக ஊற்றுகிறோம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் பேருக்குக்கூடக் கிடையாது, இதில் என்ன பெருமை? நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ சூரியகாந்தியோ, ஒரு மேஜைக்கரண்டி சுமார் 120 கலோரி. இதயத்துக்கு இந்த மூன்றும் நல்லவை. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு உறைகொழுப்பு, அதனால் வாசனைக்கு மட்டும் போதும். வடை பொரித்த எண்ணெயில் மறுபடி அப்பளம் பொரிப்பதை விட்டுவிடுங்கள்.

மளிகைச் சீட்டை எடுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 42 மில்லி. அதுவே 340 கலோரிக்கு மேல்! 3 லிட்டராக்கினால் 25 மில்லி. ஒரு கவளம் சோற்றைக் குறைக்காமலே ஆளுக்கு 130 கலோரிக்கு மேல் மிச்சம். பாட்டிலோடு சாய்த்து ஊற்றாமல் மாதத்துக்கானதைத் தனியே அளந்து வைத்துக் கரண்டியால் எடுங்கள். முதல் வாரம் வீட்டில் முணுமுணுப்பார்கள். “தாளிப்பே வாசனையா இல்லையே” என்பார் உங்கள் வீட்டுக்காரர். கறிவேப்பிலையைக் கொஞ்சம் கூடப் போடுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: வெள்ளி, சனி இரவில் ஒரு கப் சாதம், பருப்பு, கீரையோடு வயிறாரச் சாப்பிடுங்கள். விடியற்காலைச் சர்க்கரை எவ்வளவு என்று குறித்து, டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் எனக்கு எழுதுங்கள். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்!