ம்ம்ம்ம்ம்ம்..!

போடிநாயக்கனூரில் என் சிநேகிதர் ஒருவருக்கு இரண்டு ஜன்மம். பகலில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுவார். ராத்திரி, சுற்றுவட்டாரத் திருவிழா மேடைகளில் பேஸ் கிடார் வாசிப்பார். "பண்ணைப்புரத்துக்குப் பக்கத்துல பொறந்துட்டு பேஸ் வாசிக்கலேன்னா நல்லாவா இருக்கும்ணே?" என்று கேட்பார். நியாயம்தான். பாட்டுக்கு அடியில் இப்படி ஒரு வாத்தியம் ஓடுகிறது என்பதையே நம்மில் பாதிப்பேர் இளையராஜா பாட்டில்தானே கண்டுபிடித்தோம்?

குரங்கணி போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு கச்சேரி. நானும் தொற்றிக்கொண்டு போனேன். ஆம்ப்ளிஃபயர் ஸ்விட்சைத் தட்டினார். கிடாரில் இன்னும் கையே வைக்கவில்லை. அதற்குள் "ம்ம்ம்ம்ம்ம்..."

முன்வரிசைப் பெரியவர் கேட்டார்: "ஏந்தம்பி, மாவு மில்ல எப்ப நிப்பாட்டுவாக?"

இந்த 'ம்ம்'முக்கு ஒரு ஜாதகம் உண்டு. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 தடவை ஆடுகிறது. பேஸ் கிடாரின் தடித்த தந்தியில் மூன்றாவது கட்டையை அழுத்தி மீட்டினால் வருகிற 'ஜி' ஸ்வரம், வினாடிக்கு 49 அதிர்வு. ஆக, நாம் கேட்காமலே மின்சாரம் ஒரு 'ஜி' வாசிக்கிறது. அதுவும் ஸ்ருதி கொஞ்சம் தூக்கலாக! அமெரிக்காவில் 60. அங்கே இரைச்சல் 'ஏ ஷார்ப்'புக்கும் 'பி'க்கும் நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கமும் சேராது. நாம் பரவாயில்லை.

சின்ன ரேடியோவில் இந்தச் சத்தம் காதில் விழாது. பேஸ் ஆம்ப்ளிஃபயரின் பெரிய ஸ்பீக்கர் இந்த மாதிரிக் கனத்த சத்தத்துக்காகவே பிறந்தது. வந்த விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறிவிடும்.

நண்பர் கிடாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருகினார். சத்தம் குறையவில்லை. "கிடார் மேல தப்பு இல்லண்ணே, கரண்ட் பக்கம்தான்" என்றார். போய்ப் பார்த்தால், ஆம்ப்ளிஃபயருக்குக் கோயில் போர்டிலிருந்து கரண்ட். மைக் செட் மிக்ஸருக்கு எதிர்வீட்டுப் போர்டிலிருந்து. இரண்டையும் ஒரு கேபிள் இணைக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவில் லேசான வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும். அந்தக் கேபிள் வழியே கரண்ட் ஒழுகி 'ம்ம்' என்று பாடும். மலைப்பக்கம் பாறைத் தரை வேறு. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைக்கவேண்டும். வெயில் காலத்தில் யார் ஊற்றுகிறார்கள்?

மைக் செட் பையன் கட்டிங் ப்ளேயரோடு வந்தான்.

"அண்ணே, ப்ளக்குல அந்த மூணாவது பின்னை நறுக்கிட்டா ஒரே செகண்டுல அமுங்கிரும்."

அமுங்கும். அதுதான் கொடுமை. நறுக்கினவன் கெட்டிக்காரனாகிவிடுவான், அடுத்த ஊரிலும் நறுக்குவான்.

அந்த மூணாவது பின்தான் எர்த். கிடார் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியோடு இணைந்தவை. உள்ளே ஏதாவது வயர் உரசிப் பெட்டியில் 230 வோல்ட் ஏறினால், எர்த் இருக்கும்போது ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் அது தந்தியில் வந்து காத்திருக்கும். விரல் தந்தியில், உதடு மைக்கில். நடுவில் இருப்பது நெஞ்சு.

1972 மே 3. வேல்ஸில் ஸ்வான்ஸீ நகரத்து மேடை. 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். இன்னொரு கை கிடார் தந்தியில். ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். 1976-ல் 'யார்ட்பேர்ட்ஸ்' பாடகர் கீத் ரெல்ஃப் வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கையில் ஷாக் அடித்து இறந்தார்.

நண்பர் பையன் கையிலிருந்து ப்ளேயரை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குடா தம்பி." அவ்வளவுதான் சொன்னார். நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைத் தேடிப்பிடித்து, மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் கோயில் போர்டிலிருந்தே கரண்ட் எடுத்தார். கச்சேரி முக்கால் மணி நேரம் லேட். கமிட்டிக்காரர்கள் முறைத்தார்கள். ஆனால் 'ம்ம்' போயிற்று.

போனதும், அதுவரை அடியில் ஒளிந்திருந்த ஒரு 'ர்ர்ர்' தலை நீட்டியது. பந்தலில் மினுக்கிக்கொண்டிருந்த சீரியல் செட்டின் உபயம். கிடாரின் பிக்கப் ஒரு கம்பிச்சுருள். ஏரியல் மாதிரி சுற்றியிருக்கும் இரைச்சலையெல்லாம் பிடிக்கும். திசை மாறினால் குறையும். நண்பர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நின்றால்தான் சுத்தமாக இருந்தது. அப்படியே பதினெட்டுப் பாட்டு வாசித்தார்.

முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் மேடையருகே வந்தார்.

"வாசிப்பு நல்லாருந்துச்சு தம்பி. எங்க ஊரு மேல என்ன கோவம்?"