திருமணம் 'நிலைத்திருக்கிறது' என்றால் என்ன பொருள்?

பதினெட்டு வயது நிரம்பாத பேத்தியின் பெயரில் தாத்தா வங்கியில் ஒரு வைப்புத்தொகை போட்டு வைக்கிறார். ஆண்டுதோறும் வட்டி வருகிறது. அந்த வட்டி பெற்றோரில் ஒருவருடைய வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் என்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64(1ஏ) பிரிவு வகுத்த விதி. யார் அந்த ஒருவர்? சட்டத்திடம் இரண்டே விடைகள் உள்ளன. திருமணம் நிலைத்திருந்தால் இருவரில் வருமானம் மிகுந்தவர். நிலைத்திராவிட்டால் குழந்தையைப் பராமரிப்பவர்.

மணமுறிவு வழக்கு ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருக்க, தனித்தனி ஊர்களில் வாழும் பெற்றோர் இவற்றுள் எதில் அடங்குவர்? தீர்ப்பு வரும்வரை திருமணம் நிலைத்திருப்பதாகவே சட்டம் கொள்ளும். நீதிமன்றமே தனித்து வாழ ஆணையிட்டிருந்தாலும் மணவுறவு அற்றுப்போவதில்லை. ஆகவே குழந்தை தாயிடம் வளர்கிறது, பள்ளிக் கட்டணத்தைத் தாய் கட்டுகிறார், வைப்புக் கணக்கும் அவர் பொறுப்பில் இருக்கிறது. வட்டி மட்டும், வருமானம் மிகுந்தவர் என்பதால், தந்தையின் கணக்கில் ஏறுகிறது. வழக்கறிஞர் வழியாக மட்டுமே பேசிக்கொள்ளும் இருவர் ஒருவர் வருமானத்தை மற்றவர் அறிந்தாலன்றி இவ்விதியைச் சரியாகப் பின்பற்றவே இயலாது. தாய்க்கு வருமானம் மிகுதி, குழந்தை தந்தையிடம் என்றாலும் இதே கதைதான்.

சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. 'நிலைத்திருத்தல்' ஒரு நிலையைக் குறிப்பது. 'பராமரித்தல்' ஒரு செயலைக் குறிப்பது. மணமுறிவு பெற்றவரிடம் செயலைக் கேட்கும் சட்டம், பெறாதவரிடம் ஏட்டில் உள்ள நிலையை மட்டும் கேட்கிறது. இத்தனைக்கும் 'தனித்து வாழ்தல்' என்பது இந்தியச் சட்டமொழிக்குப் புதிதன்று. இருவரும் இசைந்து மணமுறிவு கோர ஓராண்டேனும் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. குடும்ப நீதிமன்றத்துக்குத் தெரிந்த சொல் குழந்தையின் வருமானம் பற்றிய இந்த வரி விதிக்குத் தெரியவில்லை. (தமிழ் வழக்கில் 'வாழாவெட்டி' என்ற சொல்லே உண்டு. அதற்கு ஆண்பால் இல்லை என்பது வேறு கதை.)

பிரிந்திருப்பதாகப் பொய் சொல்லி வரியைக் குறைப்பார்களே என்பது நியாயமான ஐயமே. ஆனால் மணமுறிவு பெற்றவருள் பராமரிப்பவர் யார் என்று ஆராய அதிகாரியால் முடியுமென்றால், பிரிந்தவர் விஷயத்திலும் முடியும். அமெரிக்காவில், ஆண்டின் கடைசி ஆறு மாதங்கள் துணைவரின்றி, குழந்தையோடு வீட்டை நடத்தி அதன் செலவில் பாதிக்கு மேல் ஏற்பவர், வேறு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மணமாகாதவராகவே கருதப்படுகிறார். குழந்தை எவரிடம் அதிக இரவுகள் தங்கியது என்றும் அங்கே எண்ணுகிறார்கள். இரவுகளை எண்ணுவது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் எண்ணப்படுவது நடந்த வாழ்க்கை.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஒருமுறை ஒருவர் கணக்கில் சேர்ந்த குழந்தையின் வருமானம், மதிப்பீட்டு அலுவலர் மற்றவரைக் கேட்டு, மாற்றுவது அவசியம் என்று நிறைவுற்றாலன்றி அவர் கணக்குக்கு மாறாது. பிரிவுக்காலத்தில் விழுந்த முடிச்சு, மணமுறிவு கிடைத்த பின்னும் தானாக அவிழாது என்பதே இதன் விளைவு.

2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் மொழியை எளிமையாக்கவே வந்தது, கொள்கையை மாற்ற அன்று என்று அரசு அறிவித்தது. இங்கே தேவைப்படுவது எளிமையன்று, ஒரு தொடர்: 'திருமணம் நிலைத்திராவிடினும், பெற்றோர் தனித்து வாழ்ந்திடினும்'.