காமத்துப்பாலை விட்டுவிட்டு ஒழுக்கத்தைப் பேச முடியுமா?

வீரமாமுனிவர் 1730-ல் திருக்குறளை லத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் எடுத்துக்கொண்டார். காமத்துப்பாலை விட்டுவிட்டார். இயேசு சபைத் துறவி, அந்தக் காலம், சங்கடம் புரிகிறது. ஆனால் கிட்டத்தட்ட 300 வருஷம் கழித்தும், படகுக்காரர்கள் கட்டிய ராயப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை, பல கத்தோலிக்க வீடுகளில் அதே கதைதான். செக்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் 'கூடாது' என்ற ஒற்றை வார்த்தையோடு முடிந்துவிடும்.

வீட்டுக்குள் அது செல்லுபடியாகலாம். ஷிஃப்டில் பக்கத்தில் நிற்கும் இந்து நண்பரிடம்? கடவுளே இல்லை என்கிற ஆபீஸ் தோழியிடம்? "பைபிள்ல போட்டிருக்கு" என்று ஆரம்பித்தால், "அது உங்க பைபிள்தானே ப்ரோ" என்று ஒரே வரியில் பேச்சு ஓவர்.

வேதத்தை ஏற்காதவரிடம் வேதத்தைக் காட்டிப் பயனில்லை, இருவருக்கும் பொதுவான பகுத்தறிவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது 13-ம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் சொன்னது. (பகுத்தறிவு நம்மூரில் வேறொரு முகாமின் சொல். இருக்கட்டுமே!)

சரி, எங்கே தொடங்குவது? இருப்பதிலேயே கஷ்டமான இடத்திலிருந்து என்பேன். அதாவது கருத்தடை.

போப் ஆறாம் பவுல் 1968 ஜூலையில் 'ஹுமானே விட்டே' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். செயற்கைக் கருத்தடை கூடாது என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. தெரியாத பகுதி ஒன்று உண்டு. கருத்தடை சுலபமானால் ஆண், பெண்ணின் உடல்நிலையையும் மனநிலையையும் மறந்து, அவளை வெறும் கருவியாகப் பார்க்கத் தொடங்குவான் என்று அவர் கவலைப்பட்டார்.

இப்போது நம்ம கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15-49 வயதுத் திருமணமான பெண்களில் சுமார் 38% பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது? 0.3%. இத்தனைக்கும் ஆணுக்கான ஆபரேஷன்தான் சுலபம். தமிழ்நாட்டில் பெண்களின் விகிதம் இன்னும் அதிகம்.

"ஏன் எல்லா பாரமும் அவங்க உடம்பு மேலேயே?" இந்தக் கேள்விக்கு பைபிள் தேவையில்லை. திருச்சபை சொல்லும் இயற்கை முறையில், மனைவியின் மாதச் சுழற்சியைக் கணவனும் தெரிந்துகொண்டு சில நாட்கள் காத்திருக்க வேண்டும். ஏற்கிறாரோ இல்லையோ, தோழி காது கொடுத்தாவது கேட்பார்.

கேட்டுவிட்டு அவர் திருப்பிக் கேட்கவும் செய்வார்: "குடிச்சிட்டு வர்ற புருஷன் காத்திருப்பானா?" நியாயமான கேள்வி. மழுப்பினால் அதோடு போச்சு. அதே சுற்றுமடலிலேயே இதற்கும் பதில் இருக்கிறது. துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் மதிக்காமல் திணிக்கப்படும் உறவு அன்பே அல்ல, அது ஒழுக்கநெறிக்கே எதிரானது என்கிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, வயது வந்த மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்துவதை இன்னும் பாலியல் வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் சட்டத்தைவிட சுற்றுமடல் முன்னே நிற்கிறது! அந்த வரி எத்தனை பிரசங்கங்களில் ஒலித்திருக்கும்?

இன்னொரு கேள்வியும் கண்டிப்பாக வரும்: "உங்க சாமியார்களே ஒழுங்கா?" இதற்கு 'மீடியா சதி' என்று பதில் சொல்லக்கூடாது. குருக்களும் ஆயர்களும் கன்னியாஸ்திரிகளைத் துன்புறுத்தியிருக்கிறார்கள் என்று போப் பிரான்சிஸே 2019 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டார். நாமும் அதை அப்படியே சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகவேண்டும்.

இதையெல்லாம் பேச புது மேடை எதுவும் வேண்டாம். கோயில்களில் திருமணத்துக்கு முந்தைய தயாரிப்பு வகுப்பு இருக்கிறதே. கலப்புத் திருமணம் என்றால் இந்து மாப்பிள்ளையும் வந்து உட்காருவார், கோட்பாட்டைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு சர்டிபிகேட் வாங்கிப் போவார். அவரிடம் முதலில் அந்த 0.3% கணக்கைக் காட்டி, "நீங்க என்ன நினைக்கிறீங்க தம்பி?" என்று கேட்டுப் பாருங்களேன்.