முதுகுக்குப் பின்னால் ஒரு சீட்டு

சீட்டாட்டம் என்றாலே முகத்தைச் சுளிக்கும் பெரியவர்கள்கூட, இந்தச் சித்திரத்தின் முன் சற்று நின்றுதான் போவார்கள். இத்தாலியச் சித்திரக்காரர் காரவாஜியோ, ஏறக்குறைய 24 வயது வாலிபராயிருந்தபோது, 1595-ஆம் ஆண்டை ஒட்டி ரோமாபுரியில் தீட்டியது அது.

மேஜையருகே நல்ல குடும்பத்துப் பிள்ளை ஒருவன் நிற்கிறான்; கையிலுள்ள சீட்டுகளைத் தவிர அவனுக்கு வேறு உலகமே இல்லை. அவன் பின்னால் நடுவயது ஆசாமி ஒருவன், அந்தச் சீட்டுகளை எட்டிப் பார்த்து விரல்களால் ஜாடை காட்டுகிறான். ஆசாமியின் கையுறை விரல் நுனியில் கிழிந்திருக்கிறது. தரித்திரம் என்று எண்ணிவிட வேண்டாம்! அடையாளமிட்ட சீட்டைத் தடவி அறிகிற விரலுக்கு உறை இடைஞ்சல் என்று சித்திரம் அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். எதிரே நிற்கும் கூட்டாளிப் பையனோ, முதுகுப்புறம் கையைக் கொண்டுபோய், இடுப்பில் செருகியுள்ள சீட்டை உருவப் பார்க்கிறான். பக்கத்திலேயே குத்துவாளும் தொங்குகிறது.

அந்தப் பையனின் முதுகைச் சித்திரக்காரர் நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். ஏமாறப் போகிறவனைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரியும், நமக்கும் தெரியும். பரீட்சை அறையில் ஒரு பிள்ளை காப்பியடித்தால் பாய்ந்து சென்று பிடிக்கிறவன் நான். இந்தப் படத்தை அச்சில் முதன்முதலாகக் கண்டபோது, அடுத்த கணம் என்ன நடக்குமோ என்ற ஆவல்தான் எனக்கு முந்திக்கொண்டது. பிள்ளையின்மேல் இரக்கம் பிறகுதான் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

படத்தைக் கார்டினல் தெல் மோந்தே விலைக்கு வாங்கி, சித்திரக்காரருக்குத் தம் மாளிகையிலேயே இடமும் கொடுத்தார். பிறகு ஐரோப்பாவில் பலர் இந்த விஷயத்தைக் கையாண்டார்கள். அவர்களுள் எனக்குப் பிடித்தவர் லொரேன் பிரதேசத்து ழார்ழ் த லா தூர். சுமார் நாற்பது வருஷங்களுக்குப் பின் அவர் இரண்டு படங்கள் எழுதினார்: ஒன்றில் ஏமாற்றுக்காரன் இடுப்பில் கிளாவர் ஆஸ், மற்றதில் டயமன் ஆஸ். சீமாட்டியும், மது கொண்டுவரும் பணிப்பெண்ணும் கடைக்கண்ணால் பார்க்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொற்காசுகளை முன்னே வைத்துக்கொண்டு, ஜரிகை உடுப்புக்காரப் பிள்ளை தன் சீட்டில் ஆழ்ந்திருக்கிறான்.

காரவாஜியோவின் படம் 1890-களில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, 1987-ல் மறுபடி வெளிப்பட்டது. இப்போது அமெரிக்காவில், டெக்ஸாஸ் ராஜ்யத்து போர்ட் வொர்த் நகரில், கிம்பெல் கலைக்கூடத்தில் இருக்கிறது. டயமன் ஆஸ் படம் பாரிஸில், லூவ்ர் கலைக்கூடத்தில். கிளாவர் ஆஸ் மட்டும் காரவாஜியோவின் படம் உள்ள அதே கட்டிடத்தில். இரண்டு பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.